கூபர் பீடி: தரைக்குக் கீழே இருக்கும் ஊர் (பயண மன்றத்தில் நால்வர் எழுதியது)

தெற்குவாசி

தெற்கு ஆஸ்திரேலியாவின் கூபர் பீடியில் இறங்கி, "வெறும் மண்மேடுதானே" என்று ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிடுபவர்கள் நிறைய. மேலே நின்று பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஊர் இருப்பது கீழே. இரண்டு இரவாவது தங்குங்கள், அதில் ஒன்று நிலத்தடி அறையில்.

1915 பிப்ரவரி 1 அன்று, தங்கம் தேடி வந்த ஒரு குழுவோடு இருந்த 14 வயதுச் சிறுவன் வில்லி ஹட்சிசன் இங்கே ஓபல் என்ற ரத்தினக் கல்லைக் கண்டெடுத்தான். 1917இல் கண்டத்தின் குறுக்கே போடப்பட்ட ரயில் பாதை வேலை முடிந்ததும் அந்தத் தொழிலாளர்கள் வந்தார்கள். அவர்களை அடுத்து, முதல் உலகப் போர் முடிந்து திரும்பிய சிப்பாய்கள். ஊருக்கு இந்தப் பெயர் வைத்தது 1920இல். 'கூபா பிட்டி' என்ற பழங்குடிச் சொல்லுக்கு 'வெள்ளைக்காரன் குழி' என்று பொருள் சொல்கிறார்கள். 1946இல் எய்ட் மைல் என்ற ஓபல் சுரங்கப் பகுதியைக் கண்டுபிடித்து ஊருக்கு மறுபடி உயிர் கொடுத்தவர் டோட்டி பிரையன்ட் என்ற பழங்குடிப் பெண். வில்லியைச் சொல்லும் எல்லா இடத்திலும் இவரையும் சொல்ல வேண்டும்.

நெடுஞ்சாலை

அடிலெய்டிலிருந்து சுமார் 850 கி.மீ. ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை முழுக்கத் தார் போட்டது, சாதாரண காரே போதும். ஆனால் வழியில் வரும் கிளென்டாம்போ என்ற ஊரைத் தாண்டினால் சுமார் 250 கி.மீ.க்கு பெட்ரோல் கிடையாது. எதிர்காற்றில் ஏசி போட்டு ஓட்டினால் வழக்கத்தைவிட அதிகம் குடிக்கும், அதையும் கணக்கில் வையுங்கள். ஆளுக்கு 5 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் வண்டியில் இருக்கட்டும்.

பொழுது சாய்ந்தால் ஓட்டாதீர்கள். கங்காரு சாலைக்கு வரும் நேரம் அது. ஊருக்கு வெளியே ராத்திரியில் மோதினால் பல வாடகைக் கார் ஒப்பந்தங்களில் காப்பீடு செல்லாது. கையெழுத்துப் போடும் முன் அந்தப் பக்கத்தைப் படித்துவிடுங்கள். பல டிரெய்லர்களைக் கோத்து இழுக்கும், 50 மீட்டருக்கு மேல் நீளமுள்ள ரோடு டிரெயின் லாரியை முந்துவதாக இருந்தால், எதிரே ஒரு கிலோமீட்டருக்குமேல் சாலை காலியாக இருக்க வேண்டும்.

குடைவீடு

நிலத்தடி அறை என்றதும் புழுக்கமான குகையை நினைக்க வேண்டாம். வெளியே கோடையில் 45 டிகிரி அடிக்கும்போதும் உள்ளே 23 முதல் 25 டிகிரிதான், ஏசி இல்லாமலே. சுவரைத் தொட்டுப் பாருங்கள்: இளஞ்சிவப்பும் வெள்ளையுமாக அடுக்கடுக்கான மென்பாறை, அதில் சுரங்க எந்திரம் சுழன்றுபோன வட்ட வட்டக் கீறல்கள். பாறை தானே நிற்கும், முட்டுக்கட்டை தேவைப்படாது. தூசி உதிராமல் இருக்க மேலே நிறமில்லாத பூச்சு அடிப்பார்கள். காற்றுக்குக் கூரையைத் துளைத்து மேலே குழாய் போகும். குன்றில் நடக்கும்போது தரையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் குழாய் ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் வீட்டு மூச்சு. அதன் மேல் எதையும் போடாதீர்கள்.

1993இல் குடைந்த செர்பிய ஆர்த்தடாக்ஸ் தேவாலயத்தைத் தவறவிடக் கூடாது. அகலமான மண்டபம், வளைந்த கூரை, எல்லாம் பாறையே. ஓல்டு டைமர்ஸ் மைனில் பழைய காலத்துக் கைச்சுரங்கத்துக்குள் நடக்கலாம். உமூனா அருங்காட்சியகமும் அருகிலேயே.

கல்பட்டறை

சுரங்கத்திலிருந்து வெளியே கொட்டிய மண்ணைக் கிளறி ஓபல் பொறுக்குவதை இங்கே 'நூட்லிங்' என்பார்கள். அதற்கென்று ஊருக்குள்ளேயே ஜுவல்லர்ஸ் ஷாப் ரோட்டில் பொது இடம் உண்டு. வேறு மண்மேட்டில் கை வைத்தால் அது அடுத்தவர் உரிமை நிலமாக இருக்கும், சண்டையில் முடியும்.

சல்லடை, சின்னச் சுத்தியல், தண்ணீர் தெளிக்கும் பாட்டில் போதும். காய்ந்த கல்லில் தூசி படிந்து நிறம் தெரியாது. நனைத்து வெயிலில் மெல்லத் திருப்பிப் பாருங்கள். கிடைப்பதில் பெரும்பாலானது 'பாட்ச்', நிறம் ஆடாத சாதாரண ஓபல். காரணம் உள்ளமைப்பு: சிலிக்காவின் நுண்ணிய உருண்டைகள் ஒரே அளவில் வரிசையாக அடுக்கியிருந்தால்தான் ஒளி சிதறி வண்ணம் ஆடும்.

கடையில் வாங்கும்போது கல்லைப் பக்கவாட்டில் பாருங்கள். நேர்க்கோடாக ஒரு ஒட்டு தெரிந்தால் அது டப்ளெட்: மெல்லிய ஓபலின் அடியில் கறுப்புத் தகடு. மேலே கண்ணாடியோ படிகமோ மூடியிருந்தால் டிரிப்ளெட். இரண்டும் மோசடி இல்லை, விலைதான் வேறு. இவை தண்ணீரில் ஊறினால் ஒட்டிய பசைக்குள் நீர் இறங்கி மங்கும். பெட்டிக்குள் இருக்கும் கல்லாக இருந்தால் அடைப்பைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். சுக்கிரனுக்கு என்று நம்மூரில் ஓபல் வாங்குபவர்களுக்கு: எத்தியோப்பியக் கல் பெரும்பாலும் தண்ணீரை உறிஞ்சும், நாக்கில் வைத்தால் ஒட்டும். கூபர் பீடிக் கல் அப்படி ஒட்டாது.

தெற்குவாசி

ஒன்று விட்டுப்போயிற்று. ஊரைச் சுற்றிப் பல்லாயிரக்கணக்கான குழிகள் திறந்தே கிடக்கின்றன. கொட்டிய மண்மேட்டின் பக்கத்திலேயே குழி இருக்கும், விளிம்பு உதிரும். கேமராவைக் கண்ணில் வைத்தபடி பின்னால் நகராதீர்கள், எச்சரிக்கைப் பலகையில் படமே அதுதான். குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

கன்கு-பிரேக்அவேஸ் குன்றுகள் வடக்கே சுமார் 30 கி.மீ., மண் சாலை. மழை பெய்தால் மூடிவிடுவார்கள். கட்டணத்தை ஊரிலேயே கட்டிவிட்டு, சூரியன் மறைய ஒன்றரை மணி நேரம் இருக்கும்போது கிளம்புங்கள். வெள்ளையும் காவியுமான குன்றுகள் அப்போதுதான் பிரிந்து தெரியும். அந்தச் சுற்றிலேயே டிங்கோ நாய்களைத் தடுக்கும் வேலியும் வரும், 5,000 கி.மீ.க்கு மேல் ஓடுவது. ஈ வலையை மறக்காதீர்கள், முகத்தை மூடும் வலைத்தொப்பி ஊரிலேயே கிடைக்கும்.