ஆக்சலாட்டல் தொட்டியின் அடியில் எதைப் பரப்பலாம்?

நீர்த்தொட்டிக்காரன், டர்பன்

அனைவருக்கும் வணக்கம். மகள் பிடிவாதம் பிடித்ததால் சென்ற மாதம் வெள்ளை ஆக்சலாட்டல் (வாழ்நாள் முழுதும் நீரிலேயே வாழும் ஒருவகை சாலமாண்டர்) ஒன்றை வாங்கினோம். இப்போது ஏறக்குறைய 9 செ.மீ. நீளம் இருக்கிறது. விற்றவர் தொட்டியோடு பட்டாணி அளவிலான வண்ணக் கற்களையும் கொடுத்தார். நேற்று மண்புழுத் துண்டு ஒன்றைப் போட்டபோது, புழுவோடு ஒரு நீலக் கல்லையும் அது வாய்க்குள் இழுத்து, சற்று நேரம் கழித்துத் துப்பியது. அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனம் நிலைகொள்ளவில்லை. கற்களை எடுத்துவிட்டுக் கடற்கரை மணலையோ, நீச்சல் குள வடிகட்டிக்கு வாங்கி மீந்திருக்கும் மணலையோ போடலாமா?

பழைய தொட்டி

ஐயா, கற்களை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். ஆக்சலாட்டல் இரையைக் கடித்துப் பிடிப்பதில்லை. வாயைச் சட்டெனத் திறந்து நீரோடு சேர்த்து உறிஞ்சிக்கொள்கிறது. அப்போது பக்கத்தில் கிடப்பதும் உள்ளே போய்விடும். நேற்று துப்பியது உங்கள் நல்ல காலம். கல் குடலில் சிக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. ஆகவே எந்தக் கல்லைப் போட்டாலும் அது அதன் தலையைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். அல்லது விழுங்கினாலும் மலத்தோடு வெளியேறிவிடும் அளவுக்கு நுண்மணலாக இருக்க வேண்டும். இடைப்பட்ட அளவுதான் ஆபத்தானது.

மணலிலும் 1 மி.மீ.க்குக் குறைந்த, முனை மழுங்கியதே ஏற்றது. அதையும் குட்டி 15 செ.மீ. வளர்ந்த பிறகு போடுங்கள். அதுவரை வெறும் கண்ணாடித் தரையே போதும். உங்கள் வடிகட்டி மணலில் ஒரு பிடி எடுத்து விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். நறநறவென்று குத்தினால் வேண்டாம். ஹார்டுவேர் கடையில் விற்கும் பூச்சு வேலை மணலையும் நான் ஏற்கமாட்டேன். அதில் களிமண் கலந்திருப்பதால் எத்தனை வாளி நீரில் அலசினாலும் கலங்கலாகவே வரும்.

கடலோரத்து அக்கா

கடற்கரை மணலைப் பற்றி ஒரு சொல்: உப்பைக் கழுவிவிடலாம், ஆனால் அதிலுள்ள சிப்பித் துணுக்குகளின் கூர்மை கழுவினால் போகாது. மழைக்குப் பிறகு வடிகால் நீர் கலக்கும் கரையிலிருந்து எடுத்ததை என் தொட்டியில் நான் போடமாட்டேன்.

மேலே எழுதியவரோடு ஓரிடத்தில் எனக்கு உடன்பாடில்லை. வெறும் கண்ணாடியில் பிடிப்புக் கிடைக்காமல் விரல்கள் வழுக்குவதைப் பார்த்திருக்கிறேன். நான் மெருகேற்றாத சிலேட்டுக் கல் பலகைகளைத் தொட்டியின் அளவுக்கு வெட்டி, விளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்து மழுக்கிப் பதித்திருக்கிறேன். இடுக்குகளில் எச்சம் தங்காதபடி மீன்தொட்டிக்கான சிலிக்கோனால் அடைத்துவிட்டேன். சிமெண்டுப் பூச்சு வேண்டாம். எச்சத்தை ஒரு பெரிய உறிஞ்சுகுழலால் நாள்தோறும் எடுப்பது இரண்டு நிமிட வேலைதான். நம் ஊரில் சனவரி கோடைக்காலம், அந்த வெக்கையில் நீரை 18 பாகை செல்சியஸ் அளவில் வைத்திருப்பதே பெரும்பாடு. மின்வெட்டு வந்து நீரைக் குளிர்விக்கும் விசிறி நின்றால் சொல்லவே வேண்டாம். அந்தச் சூட்டில் மணலுக்குள் புதைந்த உணவு விரைவில் அழுகும்.

பழைய தொட்டி

அக்கா சொல்வது நியாயம்தான், குட்டிக்குச் சிலேட்டே மேல். பின்னாளில் மணல் போடுவதானால் 2 செ.மீ.க்கு மேல் வேண்டாம். ஆழம் கூடினால் அடியில் காற்றுப் புகாமல் கறுத்து, கிளறும்போது அழுகிய முட்டை நாற்றம் வரும். உணவை இடுக்கியால் வாய்க்கருகே காட்டிக் கொடுங்கள். எந்தத் தரையானாலும் பாதிக் கவலை குறையும். இன்னொன்று: வேறு கல் எதையும் அது முன்பே விழுங்கியிருக்கலாம். சாப்பிட மறுத்தாலோ, வயிறு உப்பினாலோ, அடியில் தங்க முடியாமல் மிதந்தாலோ, இதுபோன்ற அயல்விலங்குகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் காலம் தாழ்த்தாமல் கொண்டுசெல்லுங்கள்.

நீர்த்தொட்டிக்காரன், டர்பன்

இருவருக்கும் நன்றி. கற்களை எல்லாம் அள்ளி மகளின் பூந்தொட்டியில் கொட்டிவிட்டேன். வடிகட்டி மணலைத் தேய்த்துப் பார்த்தேன், உள்ளங்கை சிவந்துவிட்டது. அது நீச்சல் குளத்துக்கே போகட்டும். சனிக்கிழமை சிலேட்டு வாங்கப் போகிறேன். இன்று காலை குட்டி புழுவைச் சாப்பிட்டது, மலமும் கழித்தது. அதில் கல் எதுவும் இல்லை.