தாய்க்கூடும் மறுவடிப்பும்: சொல் முன்மொழிவு

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

ஒரு தோட்டாவின் வெறும் பித்தளைக் கூட்டை அச்சுகளுக்குள் அழுத்தி, வேறொரு தோட்டாவுக்கான கூடாக மாற்றும் வேலைக்கு வந்த மூன்று சொற்களையும் பார்த்தேன்.

'கூட்டுருவாக்கம்' வேண்டாம். பலர் சேர்ந்து உருவாக்குவது என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். 'கூடு வார்ப்பு' அதைவிடத் தவறு. இதில் உலோகம் உருகுவதே இல்லை. 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த இந்தப் பித்தளை சூடேற்றாமலே வளைந்து கொடுக்கும். அந்தக் குணத்தை நம்பித்தான் வேலையே நடக்கிறது.

'கழுத்தொடுக்கம்' நல்ல சொல்தான். கழுத்து என்பது குண்டைப் பிடித்திருக்கும் கூட்டின் வாய்ப்பகுதி; அதற்குக் கீழே உடலோடு சேரும் சரிவு தோள். .308 வின்செஸ்டர் என்ற தோட்டாவின் கூட்டில் கழுத்தை ஒடுக்கினால் .243 வின்செஸ்டர் என்ற தோட்டாவின் கூடு வரும். அங்கே அது கச்சிதம். ஆனால் .30-06-இலிருந்து .35 வீலன் செய்யக் கழுத்தை விரிக்க வேண்டும். .223 ரெமிங்டனை .300 பிளாக்அவுட் ஆக்குபவரோ பழைய கழுத்தையும் தோளையும் வெட்டியே எடுத்துவிட்டு, மிஞ்சிய உடலில் புதிய கழுத்தை உருவாக்குகிறார். ஆகவே கழுத்தொடுக்கம் ஒரு படிக்குப் பெயராக இருக்கட்டும். முழு வேலைக்கு அது போதாது.

முழு வேலைக்கு 'மறுவடிப்பு' என்று வைக்கலாம். வடிப்பது நீரை அல்லவா என்று ஒருவர் கேட்கக்கூடும். சிலை வடிக்கிறோம், சங்கப் பாட்டில் கொல்லன் வேல் வடிக்கிறான். உலோகத்துக்கு உருக் கொடுக்கும் பொருள் சொல்லில் பழையது. 'மறு' சேர்ந்தால், ஏற்கெனவே உருவான ஒன்றுக்கு வேறு உரு என்பதும் விளங்கிவிடும். சுட்டதில் விரிந்த கூட்டை அதன் பழைய அளவுக்கே கொண்டுவருவது வேறு வேலை. அதற்கு 'அளவு மீட்டல்' இருக்கட்டும். இரண்டுக்கும் அச்சு வேண்டும் என்பதால் இவற்றைக் குழப்பிக்கொள்வது எளிது.

தொடங்கும் கூட்டுக்கு 'மூலக்கூடு' என்றால் மூலக்கூறோடு ஓரெழுத்துதான் வித்தியாசம், அச்சுப்பிழை நிச்சயம். 'தாய்க்கூடு' சரி.

அப்புறம், இறுகிய உலோகத்தைச் சூடேற்றி இளக்குவதற்கு நாம் வைத்திருக்கும் 'பதனாற்றல்'. அழுத்த அழுத்தப் பித்தளை இறுகும். கவனிக்காவிட்டால் கழுத்தில் விரிசல் விழும். அதனால் கழுத்தையும் தோளையும் மட்டும் சூடேற்றி இளக்குகிறார்கள். நம் சொல்லில் உள்ள 'ஆற்றல்' மெல்ல ஆறவிட வேண்டும் என்று எண்ண வைக்கிறது. எஃகுக்கு அது பொருந்தும். இந்தப் பித்தளையைச் சூட்டோடு தண்ணீரில் போட்டாலும் இளகியதாகவே இருக்கும். 'கழுத்திளக்கம்' என்றால் எங்கே, என்ன என்று இரண்டுமே வந்துவிடும். இடத்தைச் சொல்வது முக்கியம்: அழுத்தத்தைத் தாங்கும் அடிப்பகுதி இளகினால் சுடுபவருக்கே ஆபத்து.

அந்த அடிப்பகுதியை ஆங்கிலம் தலை என்கிறது. கழுத்துக்கும் தோளுக்கும் கீழே, கூட்டின் அடியில் தலை இருக்கிறது என்று எழுதினால் தமிழில் ஒட்டாது. அங்கே பொறித்த குறிக்கு 'அடிமுத்திரை' என்பதையே வைத்துக்கொள்வோம். பதிவில் ஒரு வரியும் சேர்க்க வேண்டும்: மறுவடித்த கூட்டிலும் அடிமுத்திரை தாய்க்கூட்டின் பெயரையே காட்டும்; அதைப் பார்த்து எந்தத் துப்பாக்கிக்கு என்று முடிவு செய்யக்கூடாது, தனிக் குறியிட்டுத் தனியே வைக்க வேண்டும்.