பையனின் சின்ன கிட்டார் இப்போது என் கையில்

கேள்வி: பையனுக்கு வாங்கிய சின்ன எலக்ட்ரிக் கிட்டாரை அவன் தொடுவதே இல்லை, நான்தான் சோபாவில் சாய்ந்துகொண்டு தினமும் வாசிக்கிறேன். தந்திகள் தொளதொளவென்று இருக்கின்றன, சுருதியும் நிற்கவில்லை. பிக்கப்பை (தந்தியின் அதிர்வை மின் சைகையாக்கும் பாகம்) மாற்றினால் சரியாகுமா?

பதில்: பிக்கப் அப்புறம், முதலில் தந்தி. முழு அளவு ஸ்ட்ராட்டின் (ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார்) ஸ்கேல் நீளம், அதாவது தந்தி அதிரும் நீளம், 25.5 அங்குலம், சின்ன கிட்டார்களான ஸ்குவையர் மினி ஸ்ட்ராட்டில் 22.75, ஐபனெஸ் மைக்ரோவில் 22.2. அதே தந்தியை அதே சுருதிக்கு ஏற்றினால் 22.75-ல் இழுவிசை சுமார் 20 சதவீதம் குறைந்துவிடும், தொளதொளப்பு அதனால்தான். 09 செட் (மிக மெல்லிய தந்தி 0.009 அங்குலத் தடிமன்) இருந்தால் தடித்த 11 செட் போடுங்கள். தடித்த தந்தி நட்டின் (கழுத்தின் மேல்முனையில் தந்திகளைத் தாங்கும் சிறு பட்டை) பள்ளத்தில் சிக்கினால் கொஞ்சம் அராவ வேண்டும், பிறகு கழுத்து வளைவையும் இன்டொனேஷனையும் (கழுத்தில் எங்கே அழுத்தினாலும் சுருதி சரியாக வருகிறதா என்பது) பார்த்துவிடுங்கள்.

பதில்: தந்தி சிக்காமல் நழுவ நட் பள்ளத்தில் பென்சில் கரி தடவிப் பாருங்கள், செலவில்லாத வைத்தியம். டியூனர் (தந்தியை முறுக்கும் திருகு) மாற்றுவதென்றால் அது பொருந்தும் துளையை அளந்துவிட்டு வாங்குங்கள். நான் அளக்காமல் வாங்கி முழித்தேன்.

கேட்டவர்: 11 போட்டேன், கார்டு இப்போது சுத்தமாகக் கேட்கிறது. 12-வது ஃப்ரெட்டுக்கு (கழுத்தில் குறுக்கே பதித்த கம்பி) மேல் என் விரல்தான் நுழைய மாட்டேன் என்கிறது!