'நரம்பறிகைத் தளர்ச்சி' வேண்டாம்: எச்.ஐ.வி. சம்மதப் படிவத்துக்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

'நியூரோகொக்னிட்டிவ் டிஸோர்டர்' என்பது மூளை பாதிக்கப்பட்டு, சிந்தனை, கவனம், நினைவு போன்ற அறிகைத் திறன்கள் குறைவது. அதற்குத் தமிழ்ச்சொல்லாக நேற்று நம் குழுவில் வந்த 'நரம்பறிகைத் தளர்ச்சி' இலக்கணப்படி சரிதான். ஆனால் இது கொழும்பில் எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்கள் கையில் கொடுக்கும் சம்மதப் படிவம். வார இதழ் விளம்பரங்களில் 'நரம்புத் தளர்ச்சி' எதைச் சொல்லாமல் சொல்கிறது என்பது நமக்குத் தெரியாதா? ஏற்கெனவே கூசிக்கொண்டு வந்தவர் அந்த வரியோடு எழுந்து போய்விடுவார்.

'நரம்பு' என்ற முன்னொட்டே வேண்டாம் என்பது என் கட்சி. வெள்ளவத்தையில் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "கால் விறைப்பா?" என்றார். பாதத்தில் எரிவும் விறைப்பும் தரும் புறநரம்பு நோயும் எச்.ஐ.வி.யில் உண்டு, படிவத்தின் அடுத்த பக்கத்தில் அதுவே வருகிறது. இரண்டும் குழம்பும். தவிர, மூளைக்குள் புகும் வைரசு குடியேறுவது முக்கியமாக நரம்புக் கலங்களில் அல்ல, மைக்ரோகிளியா, மக்ரோபேஜ் என்ற நோயெதிர்ப்புக் கலங்களில். அங்கிருந்து கசியும் வைரசுப் புரதங்களும் அழற்சியும்தான் பக்கத்து நரம்புக் கலங்களைக் கெடுக்கின்றன.

'மறதி நோய்' இன்னும் பிழை. இங்கே சிந்தனையின் வேகம், கவனம், விரல்களின் நுட்பம் எல்லாம் குறையலாம். மறதி ஒரு பகுதி மட்டுமே.

என் முன்மொழிவு 'அறிகைத் தொய்வு'. எச்.ஐ.வி.யில் வரும் இந்தப் பாதிப்பைப் படிகளாகப் பிரிக்கும் 2007 வகைப்பாட்டின் முதற்படியில், குறைந்தது இரண்டு திறன்களில் சோதனைப் புள்ளிகள் சராசரியைவிட ஒரு நியம விலகலாவது (ஸ்டாண்டர்ட் டீவியேஷன்) குறைந்திருக்கும், அன்றாட வாழ்வு பாதிக்கப்படாது. அதை 'அறிகுறியற்ற அறிகைத் தொய்வு' என்றால் நாக்கு இடறுகிறது. 'வெளித்தெரியா அறிகைத் தொய்வு' எனலாம்.

* * *

தம்பி, எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்தில் 'தொய்வு' என்றால் ஆஸ்துமா. "மூளைக்கும் தொய்வு வருமா டொக்டர்?" என்ற கேள்விக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும். 'குன்றல்' எடுங்கள். 'உடல்நலம் குன்றியவர்' என்பதை யாரும் வசையாக எடுப்பதில்லை, 'மந்தம்' அப்படியல்ல. இன்னொன்று: 'எச்.ஐ.வி.யால்' என்று எழுதிவிடாதீர்கள், 'எச்.ஐ.வி. சார்' போதும். காரணம் எச்.ஐ.வி.தான் என்று அடித்துச் சொல்ல முடியாது, மனச்சோர்வு இருந்தாலும் அறிகைத் திறனை அளக்கும் இதே சோதனைகளில் புள்ளிகள் இறங்கும்.

* * *

ஐயா, தொய்வைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். 'எச்.ஐ.வி. சார் அறிகைக் குன்றல்' என்றே படிவத்தில் திருத்திவிட்டேன். 'வெளித்தெரியா'வை மட்டும் விட்டுத்தர மாட்டேன். அம்மாவுக்கு அது ஒரே வாசிப்பில் புரிந்தது.