சம்பளத்தைத் திருப்பி வாங்கும் கம்பெனியில் கணக்கு எழுதச் சொன்னால்?

ஷார்ஜா, கணக்காளர்:
அமீரகத்தில் 2009 முதல் ஊதியப் பாதுகாப்பு முறை நடப்பில் உள்ளது: சம்பளம் வங்கி போன்ற வழிகளில்தான் தரப்பட வேண்டும், அரசு அதைக் கண்காணிக்கும். நான் வேலை பார்த்த கட்டுமானக் கம்பெனியில், ஒப்பந்தப்படியான முழுச் சம்பளமும் தொழிலாளரின் அட்டையில் ஏறும். பிறகு அதில் ஒரு பகுதியை ஃபோர்மேன் ரொக்கமாகத் திரும்ப வசூலித்துவிடுவார். அந்த வசூலுக்குத் தனி நோட்டு எழுதும்படி மேலாளர் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தபோதே, இராமநாதபுரத்துக் கொத்தனார் ஒருவர் 300 திர்ஹத்தை என் மேசையில் எண்ணி வைத்து, "இதுக்கு ரசீது தருவீங்களாண்ணே?" என்று கேட்டார். வட்டிக்குக் கடன் வாங்கி வந்தவர்; பணம் ஏன் குறைகிறது என்று வீட்டுக்குக் காட்ட அவருக்கு ஒரு தாள் வேண்டியிருந்தது. நோட்டு எழுத நான் மறுத்தேன். மேலாளர் பதில் பேசாமல், எங்கள் பாஸ்போர்ட்டுகள் இருந்த இரும்புப் பெட்டியைப் பார்த்தார். பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைக்கக் கூடாது என்று 2021ஆம் ஆண்டின் 33ஆம் எண் தொழிலாளர் சட்டம் சொல்வது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அந்தப் பார்வை இன்னும் என்னை உறுத்துகிறது.

அபுதாபி, ஸ்டோர் கீப்பர்:
எங்கள் கேம்ப்பிலும் இதே கதைதான். மேலாளர் பேசியதைக் கைப்பேசியில் ரகசியமாகப் பதிவு செய்திருந்தால் அவர் தப்பியிருக்க முடியாது.

ரியாத், முன்னாள் டிரைவர்:
முந்தைய பதிவரின் யோசனையை யாரும் பின்பற்ற வேண்டாம். அமீரகத்தில் பிறர் பேச்சை அவர் ஒப்புதலின்றிப் பதிவு செய்வதே 2021ஆம் ஆண்டின் 34ஆம் எண் இணையக் குற்றச் சட்டத்தின்படி குற்றம். நியாயம் கேட்கப் போனவரே குற்றவாளிக் கூண்டில் நிற்க நேரும். சவூதியில் நான் சம்பள பாக்கி கேட்ட வாரத்திலேயே முதலாளி என்மீது ஹுரூப், அதாவது வேலையை விட்டு ஓடிவிட்டதாகப் புகார், போட்டுவிட்டார். பணம் அனுப்பும் கவுன்டரில் என் இகாமாவை (குடியிருப்பு அனுமதி அட்டை) ஏற்காமல் திருப்பிக் கொடுத்தபோதுதான் அது எனக்குத் தெரிந்தது.

கணக்காளர் போன்ற நிலையில் இருப்பவர்கள், மறுப்பை மரியாதையான சொற்களில் மின்னஞ்சலாக எழுதிவிட வேண்டும். உங்கள் ஒப்பந்தம், உங்கள் வங்கி விவரம் ஆகியவற்றின் நகலை ஊரில் நம்பிக்கையானவரிடம் வையுங்கள். கம்பெனியின் ஆவணங்களை வெளியே எடுத்துச் செல்லாதீர்கள், அது வேறொரு வழக்குக்கு இடம் கொடுக்கும். அந்தக் கொத்தனாரைத் தொழிலாளர் அமைச்சகத்திடம் அனுப்புங்கள். 2024 தொடக்கத்திலிருந்து 50,000 திர்ஹம் வரையிலான தகராறுகளில் அமைச்சகமே முடிவு சொல்ல அதிகாரம் பெற்றுள்ளது. கணக்காளரிடம் ஒன்று கேட்க வேண்டும்: நோட்டு எழுத மறுத்ததை நீங்கள் வாய்மொழியாகச் சொன்னீர்களா, எழுத்தில் கொடுத்தீர்களா?