புதுப்பிப்பு: பரதநாட்டிய அரங்கேற்றத்தில் வர்ணம் ஆடி முடித்துவிட்டேன்

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? கோயில் நிகழ்ச்சியில் வர்ணம் (நீளமான, கடினமான உருப்படி) ஆடும்போது திரிகாலத் தீர்மானத்தின் (ஒரே ஜதியை மூன்று வேகத்தில் ஆடும் பகுதி) மூன்றாம் காலத்தில், அதாவது மூன்றாவது வேகத்தில், தாளம் தப்பி, அரங்கேற்றமே வேண்டாம் என்று சலங்கையை அலமாரிக்குள் போட்டுவிட்ட கதை. "விட்டுவிடாதே" என்று எழுதிய எல்லோருக்கும் நன்றி.

டீச்சரிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர், நிலைக்கண்ணாடிமேல் ஒரு பழைய சேலையைப் போட்டு மூடிவிட்டு, "உட்கார், வாயால் சொல்லு" என்றார். இரண்டு வாரம் காலை அசைக்கவே இல்லை. கையில் எட்டு எண்ணிக்கை ஆதி தாளம், வாயில் மூன்று காலமும் சொற்கட்டு (ஜதிச் சொற்கள்). அவ்வளவுதான். அப்போதுதான் பிடிபட்டது: தப்பியது கால் இல்லை. இரண்டாம் காலம் முடியும்போதே பயத்தில் ஓட ஆரம்பித்துவிடுகிறேன். காலப்பிரமாணம் (சீரான வேகம்) அங்கேயே போய்விடுகிறது.

சரி, அரங்கேற்றம். முதலில் வரும் உருப்படிகளான அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம் எல்லாம் எப்படியோ ஓடிவிட்டன. அப்புறம் வர்ணம், 35 நிமிடம். திரிகாலம் சுத்தமாக வந்தது. ஆனால் மூன்றாவது தீர்மானத்தில் ஓர் அடவை (கை, கால் சேர்ந்த ஓர் அடிப்படை அசைவு) விட்டுவிட்டேன்! முன்பென்றால் முகம் செத்திருக்கும். இந்தமுறை நட்டுவாங்கத் தாளச் சத்தத்தை (ஜதி சொல்பவர் தட்டும் கைத்தாளம்) மட்டும் கேட்டு, அறுதியில் (ஜதி முடியும் இடம்) போய்ச் சேர்ந்துகொண்டேன். முன்வரிசையில் இருந்த அம்மாவுக்கே தெரியவில்லை. டீச்சருக்குத் தெரிந்தது, புருவத்தை மட்டும் தூக்கினார்.

கடைசி உருப்படியான தில்லானா முடிந்து சலங்கையைக் கழற்றினால் கணுக்கால் முழுக்கத் தோல்வார் தடம். திங்கட்கிழமை மறுபடி வகுப்பு. புதிதாக ஒரு பதம் (அபிநயத்துக்கான மெதுவான பாடல்) ஆரம்பிக்கிறோம்.