டிவியில் வந்த கடல்கன்னியை நம்பினவங்க கை தூக்குங்க

தெம்பனிஸ்காரன்:

எங்க அப்பா எதையும் லேசுல நம்ப மாட்டார். சிங்கப்பூர் தேக்கா சந்தையில வெண்டைக்காய் வாங்கினாக்கூட ஒவ்வொண்ணா முனையை ஒடிச்சுப் பார்த்துத்தான் பையில போடுவார். அவரையே கவுத்த கதை இது.

2013 ஜூன் பள்ளி விடுமுறை. அக்கா பையன் ஒரு பென்டிரைவைக் கொண்டுவந்து டிவியில சொருகினான். "தாத்தா, கடல்கன்னி நிஜமாவே இருக்காம். அமெரிக்காவுல கண்டுபிடிச்சுட்டாங்களாம்." அப்பா சிரிச்சார். திரை மூலையில அனிமல் பிளானட் முத்திரையைப் பார்த்ததும் சிரிப்பு நின்னுபோச்சு. கப்பல் பட்டறையில ராத்திரி ஷிப்ட் முடிச்சு வந்து, சத்தத்தைக் குறைச்சு வச்சுக்கிட்டு அவர் பார்த்த சேனல் அது. யானை குட்டி போடறதை வாழ்க்கையில முதல் தடவையா அதுலதான் பார்த்தார். பாதி இங்கிலீஷ் கத்துக்கிட்டதும் அதுலதான்.

படம் ‘மெர்மெய்ட்ஸ்: தி பாடி ஃபவுண்ட்’. 2012 மே மாசம் அமெரிக்காவுல ஒளிபரப்பானது. அரசாங்க வேலையை விட்ட விஞ்ஞானிங்கன்னு சிலர் உட்கார்ந்து பேட்டி கொடுப்பாங்க, கீழே பேரும் பதவியும் ஓடும். அத்தனை பேரும் நடிகர்கள். ஆனா உள்ள கலந்த சரக்கு பாதி நிஜம். கடற்படைக் கப்பல்ங்க கடலுக்கடியில ஒலி அனுப்பித் தேடற சோனார் சத்தத்துனால திமிங்கிலம் கரை ஒதுங்கறது நிஜம். 1997ல பசிபிக் கடல்ல ஒரு விநோதச் சத்தம் பதிவானது நிஜம். பனிப்பாறை விரிசல் விடற சத்தம்னு பின்னால தெரிஞ்சுது. பால்ல தண்ணி கலக்கறவன் முழுசா தண்ணியா விக்க மாட்டான் இல்ல?

எனக்கு வயித்தெரிச்சல் எங்கேன்னா, அப்பா ராமநாதபுரம் கடற்கரைக்காரர். சின்ன வயசுல வலையில சிக்கின ஆவுளியாவைப் பார்த்திருக்கார். கடல்பசுன்னு சொல்றோமே, அதுதான். துடுப்புக்கிட்ட மடியை வச்சுக் குட்டிக்குப் பால் கொடுக்கும்னு எங்களுக்குப் பத்து தடவையாவது சொல்லியிருப்பார். அன்னைக்குப் படம் முடிஞ்சதும் கண்ணாடியைக் கழட்டி வேட்டியில தொடைச்சுக்கிட்டே சொன்னார்: "தம்பி, அன்னைக்கு நான் பார்த்தது ஆவுளியா இல்லடா போல."

அவர் கண்ணால பார்த்த ஒரு உண்மையான பிராணியை அந்தப் படம் அவர் ஞாபகத்துலயிருந்து தூக்கிட்டுப் போயிடுச்சு. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, மக்சிக்கிட்ட வேற போய்ச் சொல்லிட்டார். அவங்க "ஆமா, டூயோங்"னு தலையாட்டிட்டாங்க. மலாய்ல கடல்பசுவும் டூயோங்தான், கடல்கன்னியும் டூயோங்தான். இங்கிலீஷ்ல சொல்ற டூகோங்கும் அதுக்கு உறவுச் சொல்தான். அவங்க எதை ஆமான்னாங்களோ!

பையன் கொண்டுவந்த பிரதியில கடைசிப் பெயர்ப் பட்டியலே இல்லை, வெட்டியிருந்தது. வேற பிரதி தேடி, கைப்பேசியில நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். படத்துல சில சம்பவங்கள் கற்பனைன்னு ஒரு வரி வந்துச்சு. அந்த வரியிலயே, ஆனா சோனாருக்கும் திமிங்கிலம் ஒதுங்கறதுக்கும் தொடர்பு இருக்குன்னு ஒட்டும் போட்டிருந்தாங்க. மன்னிப்புக் கேக்கற மாதிரி கேட்டு மறுபடி கிள்ளற வேலை. மனுஷ உருவத்துல கடல்வாழ் பிராணி இருக்கறதுக்கு எந்த ஆதாரமும் கிடைச்சதில்லைன்னு அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாகம் 2012லயே எழுதி வெளியிட்டுச்சு. அதுக்கப்புறமும் 2013 மே மாசம் ரெண்டாம் பாகம் போட்டாங்க. 36 லட்சம் பேர் பார்த்தாங்க, அந்தச் சேனலுக்கு அதுவரைக்கும் கிடைக்காத கூட்டம்.

எல்லாத்தையும் அப்பாகிட்ட காட்டினேன். கோவப்படுவார்னு பார்த்தா, ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு ஒரு கேள்வி கேட்டார்: "அப்ப அந்த யானை குட்டி போட்டது?"

உட்லண்ட்ஸ் டீச்சர்:

யானை கேள்வி என்னை அறுக்குது. என் அனுபவம் கொஞ்சம் வெட்கக்கேடானது. தொடக்கநிலை 5 பையன், தமிழ் வாய்மொழிப் பயிற்சி. கடல் படத்தைக் காட்டிப் பேசச் சொன்னேன். "மெகலோடன் சுறா இன்னும் உயிரோடு இருக்கிறது, டீச்சர்"னு ஆரம்பிச்சு, ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குப் பின்னால அது போற பழைய போட்டோ வரைக்கும் ஒரு தடுமாற்றம் இல்லாம, ‘ழ’ கூட சுத்தமா, நாலு நிமிஷம் பேசினான். அது டிஸ்கவரி சேனல் 2013 ஆகஸ்ட்ல சுறா வாரத்தைத் தொடங்கிவைக்கப் போட்ட படம். 48 லட்சம் பேர் பார்த்தாங்க. போட்டோ ஒட்டு வேலை, விஞ்ஞானி நடிகர். அந்தச் சுறா அழிஞ்சு சுமார் 36 லட்சம் வருஷம் ஆச்சு.

வாய்மொழிக்கு மொழிக்குத்தான் மதிப்பெண், உண்மைக்கு இல்லை. முழு மதிப்பெண் போட்டேன். அப்புறம் கூப்பிட்டு, "அது பொய்ப்பா"ன்னேன். "சயின்ஸ் சேனல்ல பொய் சொல்வாங்களா டீச்சர்?"னு என்னை ஒரு மாதிரி பார்த்தான். அன்னைக்கு அவனுக்கு நம்பகமா தெரிஞ்சது நானா சேனலான்னு கேக்காதீங்க.

முன்னாள் எடிட்டர்:

நான் டிவி நிகழ்ச்சிக்கு ப்ரோமோ, அதான் முன்னோட்ட விளம்பரம், வெட்டிக்கிட்டிருந்தவன். எங்கேன்னு சொல்லப்போறதில்லை. முழுநீளப் படம் எடுக்கறவங்களைத் திட்டறோம், நிஜ வேலை நடக்கறது அந்த 30 விநாடியிலதான்.

ஒரு பழைய பங்களாவைப் பத்தின நிகழ்ச்சி. வேலைக்காரப் பொண்ணா ஒரு நடிகை. நிகழ்ச்சியில அந்தக் காட்சி வரும்போதெல்லாம் ஓரத்துல ‘மறுசித்திரிப்பு’ன்னு எழுத்து இருக்கும். ப்ரோமோவுக்கு வெட்டும்போது மேலயிருந்து வந்த உத்தரவு: "எழுத்தை எடுத்துடு, ஃப்ரேம் அசிங்கமா இருக்கு." எடுத்தேன். குரல் கொடுத்தவர் ஒரு பொய்கூடச் சொல்லலை. எல்லாமே கேள்வி. "இவள் பார்த்தது என்ன?" "ஏன் மறைத்தார்கள்?" கேள்வி கேட்டா யாரும் வழக்குப் போட முடியாது பாருங்க. அப்புறம் கை நடுங்கற கேமரா, கொஞ்சம் இரைச்சல், கடைசியில ஒரு விநாடி இருட்டு. இவ்வளவுதான் சமையல்.

ப்ரோமோ ஓடின மறுநாள் ஈசூன்லயிருந்து அத்தை போன் பண்ணுச்சு. "ஏம்ப்பா, அந்தப் பொண்ணுக்கு இப்ப எப்படி இருக்கு? பெருமாள் கோயில்ல அர்ச்சனை பண்ணணும், நட்சத்திரம் கேட்டுச் சொல்லு."

ஜூரோங் ஈஸ்ட் மச்சான்:

அடப்பாவி, அத்தைகிட்ட என்ன சொன்னே?

நம்ம கதை சின்னது. 2014 கடைசியில டிஸ்கவரில ‘ஈட்டன் அலைவ்’. ஒரு ஆளை அனகோண்டா உயிரோட விழுங்கப்போகுதுன்னு விளம்பரம். காப்பிக்கடையில தே தாரிக் பந்தயம் வேற. ரெண்டு மணி நேர நிகழ்ச்சி. பாம்பு இறுக்குச்சு, தலைக்கவசத்துல வாயை வச்சுச்சு, ஆள் கத்தினான், இழுத்துட்டாங்க. முடிஞ்சுது. நான் ‘விழுங்காது’ன்னு பந்தயம் கட்டினவன், அதனால எனக்குப் புகார் இல்லை. அடுத்த மாசமே புதுசா வந்த தலைவர் இந்த மாதிரி சமாசாரம் இனிமே வேண்டாம்னுட்டாராம்.

முன்னாள் எடிட்டர்:

ரேவதின்னு சொன்னேன். அர்ச்சனையும் நடந்துச்சு.

தெம்பனிஸ்காரன்:

டீச்சருக்காக அப்பா கதையோட மிச்சம். சொன்னா கேக்கற ஆள் இல்லையேன்னு, அடுத்த வருஷம் கடல் வத்தின ஒரு காலையில புலாவ் உபின் தீவுக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்க செக் ஜாவா கடலோரத்துல வழிகாட்டியோட கடல்புல் திட்டு மேல நடந்தோம். ஒரு இடத்துல புல்லு நடுவுல கோடு கோடா வழிச்ச மாதிரி இருந்துச்சு. வழிகாட்டி வாயைத் திறக்கறதுக்குள்ள அப்பா குனிஞ்சு ஒரு சாண் வச்சு அகலம் பார்த்தார். "ஆவுளியா மேஞ்சிருக்கு"ன்னார். வழிகாட்டிப் பொண்ணு அசந்துபோச்சு.

2022ல தமிழ்நாடு அரசு பாக் விரிகுடாவுல 448 சதுர கிலோமீட்டர்ல கடற்பசுக் காப்பகம் அறிவிச்சப்ப அந்தச் செய்தியை வெட்டி ஃபிரிட்ஜ்ல ஒட்டினதும் அவர்தான். மக்சிக்கிட்டயும் போய்க் காட்டினார். அவங்க படத்தைப் பார்த்துட்டு, "ஆமா, டூயோங்! நான் அன்னைக்கே சொன்னேனே"ன்னாங்க.